எருமையின் எடை

எங்கள் வீட்டில் எட்டு மாதமாக ஒரு எருமை இருந்தது. தொழுவத்தில் இல்லை, கம்ப்யூட்டருக்குள்.

எருமை என்று பேர் வைத்தவள் நான்தான். உண்மையில் அது ஒரு பழைய போர் விமானம். உலகப் போர்க் காலத்தில் கடலுக்கு மேல் ரோந்து போனது. மேலே நீளமாக ஒரே இறக்கை, அதில் இரண்டு இன்ஜின், கீழே பார்த்தால் சாட்சாத் படகு. தண்ணீரில் ஓடித்தான் எழும்பும், தண்ணீரில்தான் இறங்கும். பறக்கும் படகு என்பார்கள். என் வீட்டுக்காரர் அதைத் தன் சிமுலேட்டருக்காகக் கட்டிக்கொண்டிருந்தார். சிமுலேட்டர் என்றால் வீட்டில் உட்கார்ந்தபடி விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு. விளையாட்டு என்று சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் அடிக்கடி சொல்வேன்.

அவருக்குப் பிழைப்பு கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. காலையில் ஆறு பேர், சாயங்காலம் ஆறு பேர். மற்றவர்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தனக்கென்று வைத்த பிரேக்கை மிதிப்பதே இருபது வருட வேலை. அப்படிப்பட்ட மனிதருக்கு மதிய நேரத்தில் தானே ஓட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றியதில் தப்பில்லை. ஆனால் உலகத்தில் எத்தனையோ விமானம் இருக்க, இதுவரை யாரும் உருப்படியாகச் செய்யாத இந்தப் பறக்கும் படகைத்தான் செய்வேன், செய்து உலகத்தில் இருக்கிற எல்லா சிமுலேட்டர்காரர்களுக்கும் சும்மா கொடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

நானும் அதில் மாட்டிக்கொண்டேன். நான் தையல்காரி. வீட்டு முன் அறைதான் கடை. பின் அறையில் இஸ்திரி மேஜை, அதை ஒட்டி அவருடைய கம்ப்யூட்டர். பழைய வரைபடங்களையும் மங்கிய போட்டோக்களையும் வைத்து விமானத்தின் உருவத்தை அவரே செய்துவிட்டார். தோல் போர்த்தும் இடத்தில்தான் திணறினார். உருண்டையான உடம்பைப் பிரித்துத் தட்டையான துண்டுகளாக விரித்து, அதன் மேல் பெயிண்டும் ஆணித் தலைகளும் துருவும் வரைந்து, திரும்பவும் உடம்பில் சுற்ற வேண்டுமாம். அவர் சுற்றினால் மூக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு ஆணித் தலைகள் எல்லாம் முட்டை முட்டையாக நீண்டன. நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன்.

"எழுந்திருங்க. இது சட்டையோட அக்குள் மாதிரி. ஒரு வெட்டு கொடுக்காம எப்படிப் படியும்?" என்று அவரைத் தள்ளிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

இரண்டு மாதம் ஆனது. தையல் வருகிற இடத்தை அடிவயிற்றில், நடு எலும்பு ஓரமாக, யார் கண்ணிலும் படாதபடி வைத்தேன். அந்த அடிவயிற்றில் பாதி தூரத்தில் ஒரு படி இருக்கிறது. முன்பாதி ஒரு மட்டம், பின்பாதி ஒரு சாண் உயரத்தில் இன்னொரு மட்டம். அந்தப் படியில் தோல் ஒழுங்காக உட்கார நான் மூன்று தடவை கிழித்துத் தைத்தேன். எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு படியை வைத்தான் என்று வைதபடியே தைத்தேன். எதற்கு வைத்தான் என்று கேட்கத் தோன்றவில்லை. வேலை முடிந்ததும் பார்க்க அழகாக இருந்தது. என்னை நானே மெச்சிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் வேறு யாரும் மெச்சவில்லையே.

எல்லாம் முடிந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. அது தண்ணீரை விட்டு எழும்பவில்லை.

மூன்று வாரம், தினமும் மதியம், இவர் இரண்டு இன்ஜினையும் முழு வேகத்தில் விடுவார். அது ஏரியை உழுதுகொண்டே போகும். ஒன்றரை நிமிடம் கழித்து எதிர்க்கரை வந்துவிடும். பிறகு முதலிலிருந்து. சத்தம் வேறு. படகின் அடியில் தண்ணீர் மோதும் சத்தத்துக்காக இவர் குளியலறையில் தகரத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு நாள் முழுக்க அதன் மேல் தண்ணீரை வீசி வீசிப் பதிவு செய்தவர். அந்தத் தடதடப்பு இரண்டு பெரிய ஸ்பீக்கரில் வந்து மாடி வரைக்கும் அதிரும்.

மாடியில் என் அண்ணன் இருந்தார்.

அண்ணனுக்கு ஐம்பத்தொரு வயது. பதினெட்டு வருடம் நிஜ விமானம் ஓட்டியவர். சக்கரத்துக்குப் பதில் நீளமாக இரண்டு மிதவை வைத்த சின்ன விமானம் அது. துறைமுகத்திலிருந்து தீவுகளுக்கு ஆட்களை ஏற்றிப் போவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் காற்றே இல்லாமல் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அலையில்லாத தண்ணீர் மிதவையை லேசில் விடாமல் ஒட்டிக்கொள்ளுமாம். ஆறு பயணிகள். விமானம் ஓடியது, ஓடியது, எழும்பவில்லை. அண்ணன் பாதியில் வேகத்தைக் குறைத்து ஓட்டத்தைக் கைவிட்டார். நிற்பதற்குள் அது சறுக்கிப் போய், கரையில் கட்டியிருந்த படகு ஒன்றில் இடித்தது. ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. விசாரணை நடந்தது. விமானி மேல் தவறில்லை என்று எழுதியே கொடுத்தார்கள்.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் உடன் வேலை பார்த்த எவனோ ஒருத்தன், "இன்னும் மூணு செகண்ட் பிடிச்சிருந்தா எழும்பியிருக்கும்" என்று வாயை வைத்துவிட்டான். அவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவன் சட்டைக்கு இரண்டு கையையும் சேர்த்துத் தைத்துவிடுவேன். அந்த மூன்று செகண்டை அண்ணன் இரண்டு வருடமாக மென்றுகொண்டிருந்தார். வேலையை விட்டார். எங்கள் மாடி அறைக்கு வந்தார். விடியற்காலையில் போய் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டிகளுக்கு முத்திரை குத்திவிட்டுப் பதினோரு மணிக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொள்வார்.

"நான் பயந்துட்டேம்மா. பயத்துல கையை எடுத்துட்டேன். பயப்படுறவன் கையில ஆறு உசிரைக் கொடுக்கக் கூடாது" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

இந்த மாதம் அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. முப்பதாம் தேதிக்குள் ஒரு பரிசோதகருடன் பறந்து காட்ட வேண்டும். காட்டினால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். காட்டாவிட்டால் அது காலாவதி. பிறகு பறக்க வேண்டுமென்றால் பரீட்சை, பயிற்சி என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். ஐம்பத்தொரு வயதில் அதை அவர் செய்ய மாட்டார் என்று எனக்குத் தெரியும். கெஞ்சினேன். திட்டினேன். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். என்னால் மூன்றாவது நாள் முடியவில்லை, அவரால் முடிந்தது.

கீழே எருமைக்கும் நாள் குறித்தாகிவிட்டது. மாதக் கடைசியில் தருகிறேன் என்று இவர் அந்தச் சிமுலேட்டர் கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்துவிட்டு, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"இறக்கை சரி, இன்ஜின் சரி, எடை அந்தக் காலத்துக் கையேட்டுல இருக்கிறபடி கரெக்டா பதினஞ்சு டன். எல்லாமே சரி. ஆனா எழும்ப மாட்டேங்குது."

இந்த இடத்தில் என் தொழில் புத்தி வேலை செய்தது. என் கடைக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வருவார். இடுப்பு முப்பத்தெட்டு. நான் முப்பத்தெட்டுக்குத்தான் தைப்பேன், ஆனால் உள்பக்கம் வைக்கிற துண்டில் முப்பத்தாறு என்று போட்டுவிடுவேன். அவருக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம், இடுப்புக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.

"எடையைக் கொஞ்சம் குறைச்சு எழுதித் தொலைங்களேன்" என்றேன். "எருமையைத் தராசுல நிக்கவச்சா பாக்கப் போறாங்க?"

"அதெல்லாம் தப்பு" என்றார். இரண்டு நாள் தப்பாக இருந்தது. மூன்றாவது நாள் மதியம் பதினைந்தை அழித்துவிட்டுப் பதினொன்று என்று போட்டார். இன்ஜினைக் கிளப்பினார். அது ஓடியது, தடதடத்தது, இருபத்திரண்டு செகண்டில் தடதடப்பு பட்டென்று நின்றது. எழுந்துவிட்டது! இவர் நாற்காலியிலிருந்து துள்ளினார். நான் கையிலிருந்த அளவு நாடாவைத் தலைக்கு மேல் சுழற்றினேன். முன் அறையில் துணி எடுக்க வந்த அம்மாள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாக இறங்கி வரும் சத்தம். இரண்டு வருடமாக இந்தப் பின் அறை வாசலை மிதிக்காத அண்ணன் வாசலில் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"மாப்பிள்ளை, எடையில கைவச்சீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் அவசர அவசரமாக ஒரு தலையணை உறையை இஸ்திரி போட ஆரம்பித்தேன்.

"எப்படி மச்சான் தெரிஞ்சது?"

"மூணு வாரமா என் காலுக்குக் கீழ நிமிஷக் கணக்குல உழுதுகிட்டிருந்தீங்க. இன்னிக்கு இருபத்திரண்டு செகண்ட்ல தண்ணிச் சத்தம் நிக்குது. அந்த இன்ஜினுக்கும் அந்த உடம்புக்கும் அது நடக்காது. எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"பதினொன்னு."

"நிஜ எடை?"

"பதினஞ்சு."

"மிச்சம் நாலு டன் எங்க? தங்கச்சி பீரோல வச்சிருக்கீங்களா?"

"நான்தான் குறைக்கச் சொன்னேன். ஒரு விளையாட்டுதானே" என்றேன். பக்கத்தில் இவர் முகம் சுளிப்பது தெரிந்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். எனக்கு அவரிடம் பயம் கிடையாது. ஆனால் அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"வேற எதுல வேணா பொய் சொல்லிக்கோ. எடையில மட்டும் சொல்லாத. அந்த எழுத்தை நம்பித்தான் ஒருத்தன் வந்து உக்காருறான். விளையாட்டோ நிஜமோ, உக்காருறவன் நம்பித்தானே உக்காருறான்?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாய் வரவில்லை. என் வாய் வராமல் போவது வீட்டில் அபூர்வம் என்பதால் இவரும் பயந்துபோய், மளமளவென்று பதினைந்தைத் திரும்பப் போட்டார்.

"இப்ப ஓட்டுங்க, பாக்குறேன்" என்றார் அண்ணன்.

இவர் இன்ஜினைக் கிளப்பி, கட்டுப்பாட்டுக் கோலைத் தன் தொப்பை வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரமாக அப்படித்தான் செய்துவந்தார்.

"ஏன் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"எழும்பணுமே மச்சான். இழுத்தாத்தானே மூக்கு மேல போகும்?"

"மூக்கு மேல போனா பின்பக்கம் தண்ணியில உக்காரும். உக்காந்தது உக்காந்ததுதான். முதல்ல கொஞ்ச தூரம் இழுங்க. மூக்கு தூக்கினதும் கையை முன்னாடி விடுங்க. அது தண்ணி மேல ஏறி வழுக்கிக்கிட்டுப் போகணும். அடிவயித்துல ஒரு படி இருக்கே, அது எதுக்கு? வேகம் வந்ததும் முன்பாதி மட்டும்தான் தண்ணியைத் தொடணும். பின்பாதி விட்டு விலகிடணும். நீங்க விலகவே விட மாட்டேங்கிறீங்க."

அந்தப் படிக்காக மூன்று தடவை தோலைக் கிழித்தவள் நான். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

சொன்னதை இவர் செய்யப் பார்த்தார். முடியவில்லை. கையை முன்னால் விட்டால் மூக்கு இறங்கும். மூக்கு இறங்கினால் இவர் வலது கால் தன்னால் தரையில் பிரேக்கைத் தேடும். நாலு தடவை பார்த்துவிட்டு அண்ணன், "நகருங்க" என்றார்.

நாற்காலியை இவர் விட்டுக்கொடுக்க, அதையும் ஒதுக்கிவிட்டு என் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோலை இரண்டு விரலால் பிடித்தார். எருமை கிளம்பியது. மூக்கைத் தூக்கியது. தண்ணீர் இரண்டு பக்கமும் சுவராக எழுந்து கண்ணாடியை மறைத்தது. அண்ணன் கை மெல்ல முன்னால் போனது. அந்தச் சுவர் பின்னால் பின்னால் நகர்ந்து, தடதடப்பு சன்னமாகி, சீறலாகி, ஐம்பத்தெட்டாவது செகண்டில் இல்லாமல் போனது. கீழே ஏரி விலகியது. அடிவயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. பதினைந்து டன்னும் அப்படியே இருந்தது.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று வாரம் தப்பே செய்யாத ஒன்றைத் தப்பு என்று சொல்லி வதைத்திருக்கிறேன் என்று புலம்பினார்.  அண்ணன் ஏரியை ஒரு சுற்று சுற்றி, ஒரு குலுக்கலும் இல்லாமல் இறக்கி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்தார். அதற்கு மறுநாளும். இடது இன்ஜின் சூடாகும் வேகம் சரியில்லை என்றார். மிதக்கும்போது காற்றுக்கு எதிராகத் தானாகத் திரும்ப வேண்டுமே, ஏன் திரும்பவில்லை என்றார். இவர் ஒவ்வொன்றாகத் திருத்தினார். மூன்று டம்ளர் டீ போட்டு வைத்துவிட்டு, இரண்டு பேரும் சின்னப் பையன்கள் மாதிரி வழக்கடிப்பதைக் கேட்டபடி நான் இஸ்திரி போடுவேன். எனக்கு உள்ளுக்குள் ஆசை முளைத்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதி மெதுவாகக் கடிதத்தைப் பற்றி வாயைத் திறந்தேன்.

அவர் முகம் மூடிக்கொண்டது. "அதையும் இதையும் முடிச்சுப் போடாதம்மா. இது விளையாட்டு" என்றார். இந்தத் தடவை இவர்கூடக் கோபப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்றைக்கு நம்பிக்கை போய்விட்டது. சும்மா சொல்லவில்லை, முன் அறையில் போய் மெஷினில் உட்கார்ந்து, நூல் கோக்காமலே ஒரு முழம் தைத்திருக்கிறேன்.

மறுநாள் இருபத்தாறு. எருமையோடு சேர்த்துக் கொடுக்க இவர் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருந்தார். எவ்வளவு சுமைக்கு எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. "மச்சான், முழு டேங்க், முழுச் சுமை, காற்று கிடையாது, தண்ணியில ஒரு அலை கிடையாது. கஷ்டத்துலயே பெரிய கஷ்டம் எதுன்னு பாக்கணும். நீங்க ஓட்டுங்க, நான் குறிச்சுக்கிறேன்" என்றார். படகுகளுக்கு வழிகாட்டக் கம்பங்கள் நட்டிருக்கும் ஒரு சின்ன ஏரியைத் தேர்ந்தெடுத்தார். கம்பத்தை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும்.

கேட்கும்போதே எனக்கு அண்ணனின் அந்தக் காலை நினைவுக்கு வந்தது. காற்றில்லாத கண்ணாடித் தண்ணீர். இவர் யோசித்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இவர் யோசித்து எதையும் சொன்னதில்லை. ஆனால் அண்ணன் கவனித்ததாகவே தெரியவில்லை. டீயில் ஒரு வாய் குடித்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார்.

எருமை ஓடியது. மூக்கைத் தூக்கியது, கை முன்னால் போனது, சுவர் பின்னால் நகர்ந்தது. முதல் கம்பம். இரண்டாவது கம்பம். தண்ணீரை விட்டு விலகுகிற மாதிரியும் இருந்தது, ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரியும் இருந்தது. மூன்றாவது கம்பம் பக்கவாட்டில் வந்ததும் அண்ணன் இரண்டு இன்ஜின் கைப்பிடியையும் நிதானமாகப் பின்னால் இழுத்தார். எருமை தொப்பென்று தண்ணீரில் அமர்ந்து, எதிர்க்கரைக்கு நெருக்கமாகப் போய் நின்றது.

"என்ன மச்சான்! எழும்பப் போச்சே!" என்று இவர் கத்தினார். "இன்னும் கொஞ்சம் பிடிச்சிருந்தா…"

"மூணாவது கம்பம் வந்துடுச்சே மாப்பிள்ளை. அதுக்குள்ள எழும்புற வேகத்துல முக்கால்வாசி வரலைன்னா விட்டுடணும். அதைத் தாண்டிப் பிடிச்சா எழும்பினாலும் எழும்பலாம், எழும்பலைன்னா நிக்க இடம் இருக்காது. எழுதிக்கோங்க." குழாயை மூடு என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, மிச்ச டீக்குக் கையை நீட்டினார்.

நான் ஒரு வாடிக்கையாளரின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். என் கை நின்றுவிட்டது.

"அண்ணா, இப்ப பயந்தீங்களா?"

"எதுக்கு?"

"கையை எடுத்தீங்களே. பயத்துலயா எடுத்தீங்க?"

"இங்க என்னம்மா பயம்? உன் இஸ்திரி மேஜைக்கா பயப்…"

அவர் முடிக்கவில்லை. டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் தன் கையைப் பார்த்தார். திரையில் எருமை சும்மா மிதந்துகொண்டிருந்தது.  ஏதோ தீய்கிற வாடை வந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. கடை போட்ட நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு சட்டையின் மணிக்கட்டுப் பட்டையைக் கருக்கியிருந்தேன்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "இது வேற விமானம். வேற தண்ணி. அன்னிக்கு என்ன ஆகியிருக்கும்னு இது சொல்லாது."

"சொல்லாதுதான் மச்சான்" என்றார் இவர். "நான் செஞ்சதுதானே, எனக்குத் தெரியாதா இதோட லட்சணம்? ஆனா கை உங்க கைதானே?"

பதினைந்து வருடக் குடித்தனத்தில் இவர் சொன்ன எத்தனையோ பேச்சுகளை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. இந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னித்தேன்.

அண்ணன் எழுந்து மாடிக்குப் போனார். ஒரு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கிற சாக்கில் நான் மாடிப்படிக்குக் கீழேயே நின்றேன். பிறகு அவர் போனில் பேசுவது கேட்டது. லைசென்ஸ் எண்ணை இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மிச்சமிருந்தது ஒரே ஒரு நேரம்தானாம். முப்பதாம் தேதி, காலை ஒன்பது மணி.

எருமையை இவர் இருபத்தொன்பதாம் தேதி உலகத்துக்குக் கொடுத்துவிட்டார், பதினைந்து டன்னோடு. ஓட்டும் முறை என்ற பக்கத்தை அண்ணனே சொல்லச் சொல்ல எழுதினார். யாரோ ஒருவர், எந்த ஊர்க்காரரோ, அடிவயிற்றுத் தையல் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அதை இவரை நாலு தடவை வாசிக்கச் சொன்னேன்.

முப்பதாம் தேதி துறைமுகத்தின் மரமேடையில் நானும் இவரும் நின்றோம். பரிசோதகர் ஒல்லியான ஒரு பெண்மணி. நெஞ்சோடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு வந்தார். சிரிக்கவே இல்லை. அண்ணனும் அவரும் விமானத்தில் ஏறினார்கள். லேசாகக் காற்று இருந்தது. தண்ணீரில் சின்னச் சின்னச் சுருக்கங்கள் ஓடின. நான் கடவுளுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் அந்தக் காற்று நின்றது. விமானம் அப்போது ஓட ஆரம்பித்திருந்தது.

ஓடியது, ஓடியது. மிதவைகள் தண்ணீரை விடவில்லை.  இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. விமானம் வேகம் குறைந்து, தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றது.

"விட்டுட்டார்" என்றார் இவர்.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பரிசோதனைக்கு வந்த இடத்தில், அதே மாதிரித் தண்ணீரில், அதே மாதிரி விட்டுவிட்டார். இனி மாடியறைக் கதவு திறக்காது. நான்தானே அவரை இங்கே பிடித்துத் தள்ளினேன் என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இவர் கையை நான் நசுக்கியதில் மோதிரம் பதிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்.

விமானம் திரும்பியது. கரைக்கு வரவில்லை. கிளம்பிய இடத்துக்கு மெதுவாகப் போய், அங்கே அகலமாக ஒரு வட்டம் அடித்தது. பிறகு இன்னொரு வட்டம். அதன் பின்னால் அலைகள் விரிந்து, கண்ணாடி உடைந்து, துறைமுகத் தண்ணீர் முழுக்க நெளிய ஆரம்பித்தது.

"அலை கிளப்புறார்! தண்ணி ஒட்டாம இருக்க அவரே அலை கிளப்புறார்" என்று இவர் குதித்தார். "இது நம்ம எருமைல வராதே. சேர்க்கணும்."

"சும்மா இருங்க" என்றேன்.

விமானம் தன் அலைக்குள்ளேயே ஓடியது. ஒரு மிதவை விலகியது. அடுத்ததும் விலகியது. எங்கள் தலைக்கு மேலே அது போனபோது நான் மரப் பலகையில் உட்கார்ந்து, வெட்கம் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன்.

முக்கால் மணி நேரம் கழித்து இறங்கினார்கள். பரிசோதகர் மேடையில் நின்றபடியே ஃபைலில் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு தாளைக் கிழித்து அண்ணனிடம் கொடுத்தார். "திங்கள்கிழமையிலிருந்து ஆள் ஏத்தலாம்" என்று சொல்லிவிட்டு, அப்போதும் சிரிக்காமல் போய்விட்டார். அண்ணன் சட்டை முழுக்க வியர்வை. 

"பயந்தீங்களாண்ணா?" என்றேன்.

"பயந்தேன்."

"முதல் தடவை விட்டீங்களே, அப்பவா?"

"ரெண்டு தடவையும்தான்" என்றார். "பயம் பாட்டுக்கு இருந்துச்சும்மா. கை பாட்டுக்கு வேலையைப் பாத்துச்சு."